இரவு இரண்டு மணிக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

ஆச்சி, மகள் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சை மருத்துவ மேற்படிப்பு) கேட்கிறாள், காரைக்குடி வீட்டில் எல்லோரும் "வெறும் கேசுவால்டி வேலைதானே" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம். 2009-இலேயே அங்கீகாரம் பெற்ற தனித்துறை அது, மூன்று ஆண்டுப் படிப்பு. மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு வழியாக எம்.டி. கிடைத்தாலும், தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டம் கிடைத்தாலும் செல்லும். தனியார் மருத்துவமனைகள் நடத்தும் எம்.இ.எம். என்ற அவசர சிகிச்சைப் படிப்பு வேறு, அதற்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை.

எந்தக் கல்லூரி என்பதில்தான் கவனம் வேண்டும். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் கை பழகும் என்பார்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாவிட்டால் தப்பும் சேர்ந்தே பழகும்.

அதிகாலை நாலு மணி. கண்மாய்க்கரை ஊரிலிருந்து 108-இல் ஒருவர் வருகிறார். தரையில் படுத்துத் தூங்கியவர். வயிற்று வலி, இமை தொங்குகிறது, கடித்த தடம் இல்லை. முதலாண்டு மாணவி அல்சர் என்று ஊசி போட்டு அனுப்பப் பார்ப்பாள். நல்ல ஆசிரியர் சட்டென்று விடையைச் சொல்லமாட்டார். "என்னன்னு நினைக்கிறே?" என்று முதலில் அவளைச் சொல்லவைப்பார். "எதை வச்சு?" என்பார். பிறகு ஒரே ஒரு விதி: தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்று வலியும் இமைத் தொய்வும் வந்தால், தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் பாம்பை நினை. சரியாகச் செய்ததைச் சொல்லிவிட்டுத் தவறைத் திருத்துவார். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பாம்புக்கடியில் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையும் அப்படித்தான். உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, ஆட்டாமல் வைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் நல்ல இரத்தமும் உறையாது. விஷம் ஏறிவிட்டது என்று நினைத்து வேண்டாத விஷமுறிவு மருந்தை ஏற்றிவிடுவார்கள். கட்டுவிரியன் கடியிலோ இரத்தம் பொதுவாக உறைந்துவிடும். விஷம் இல்லை என்று அதை நம்பிச் சும்மா விட்டுவிட்டால் மூச்சு நின்றுபோகும். இதைப் பக்கத்தில் நின்று காட்ட ஆள் வேண்டும்.

பொம்மையில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும், சோர்ந்த கை ஆழம் போகாது. "அட்ரினலின் 1 மி.கி." என்று குழுத் தலைவர் சொன்னால், சிஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லி, போட்டபின் "போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் மருந்து இரண்டுமுறை போகும், அல்லது போகவே போகாது. பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து அலசுகிறார்களா என்பது பொம்மையின் விலையைவிட முக்கியம்.

முதலாண்டு, மூன்றாமாண்டு சீனியர்களைத் தனித்தனியே மகள் விசாரிக்கட்டும். இரவு இரண்டு மணிக்குக் கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) வார்டில் இருப்பாரா, போனிலா? மாணவி செய்த வேலையைக் குறிக்கும் லாக்புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்தா, பரீட்சைக்கு முந்தின வாரம் மொத்தமாகவா? இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் எங்கே தவறியது என்று பார்க்கிறார்களா, ஆளைத் திட்டுகிறார்களா? ஸ்கேன் மெஷின் எமர்ஜென்சிக்கே சொந்தமா? அனஸ்தீசியா, ஐ.சி.யூ. போஸ்டிங் உண்மையாகவே அனுப்புகிறார்களா?

மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் போடுவார்கள். வீண் காலம் என்று சிலர் சொல்வார்கள். வசதி குறைந்த இடத்தில் முடிவெடுக்கப் பழக அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

ஊருக்குப் பக்கமாக வேண்டும் என்பதை மட்டும் முதல் நிபந்தனையாக வைக்காதீர்கள். ஷிப்ட் டூட்டியில் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வர எப்படியும் முடியாது.