பக்கத்து வயலில் மண் கொட்டினால் யாரிடம் கேட்பது?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல். கீழ்ப்பக்கத்து வயல்காரர் லாரி லாரியாக மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கிவிட்டார். மழைத்தண்ணீர் வடியாமல் பயிர் அழுகுகிறது. கோடையில் கிணறும் முன்போல் ஊறுவதில்லை. நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது பணமல்ல, கொட்டிய மண்ணை அள்ளச் சொல்வதுதான்.

வயல் மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குகிறது. அந்த வேலைக்கு ஒரு விலை உண்டென்று கேரள அரசே ஒப்புக்கொண்டுதான் 2020-ல் நெல்வயல்காரர்களுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி (ஊக்கத்தொகை) கொடுக்கத் தொடங்கியது. 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, சட்டத்தை மீறி நிரப்பிய வயலைக் கலெக்டர் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். செலவு நிலத்துக்காரர் தலையில்.

அதற்கு மண் கொட்டிய வயலின் சர்வே எண், அந்தச் சட்டப்படி தயாரித்த நிலப் பட்டியலான டேட்டா பேங்கில் நெல்வயலாக இருக்க வேண்டும். கிருஷி பவனில் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) விசாரியுங்கள். இருந்தால், வில்லேஜ் ஆபீசரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வேலையை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் மெமோ கேளுங்கள். நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் பயிர், கிணறு நஷ்டம் தனிக் கணக்கு. சிவில் வழக்கென்றால் 3 ஆண்டுக்குள் போட வேண்டும். இடிபாடும் கொட்டியிருப்பதால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வையும் அணுகலாம். அங்கே நஷ்டஈட்டோடு சீரமைப்பும் கேட்கலாம், கெடு 5 ஆண்டு. கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம் என்பதால் ஆசைக்குத் தொகையை ஏற்றாதீர்கள். ஒரே நஷ்டத்தை இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. எங்கே போவதென்று வக்கீலிடம் பேசி முடிவெடுங்கள்.

பெரிய தொகை என்றதும் உங்கள் தாலுகாவிலுள்ள பிளாச்சிமடைதான் நினைவுக்கு வருகிறது. கோகோ கோலா ஆலையால் வந்த சேதம் 216.26 கோடி ரூபாய் என்று உயர்மட்டக் குழு 2010-ல் கணக்கிட்டது. 2011-ல் கேரளச் சட்டமன்றம் அந்த நஷ்டஈட்டுக்கென்றே தனித் தீர்ப்பாய மசோதாவும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல்தான் கிடைக்கவில்லை; அதனால் அந்தத் தீர்ப்பாயம் அமையவே இல்லை.

எங்கே போனாலும் கேஸ் நிற்பது ஆதாரத்தில். கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தை வாராவாரம் தேதியோடு நோட்டில் குறியுங்கள். மேடாக்கிய இடத்துக்குத் தள்ளியிருக்கும் ஒரு கிணற்றின் மட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் ‘மழை குறைவு’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். அழுகிய பயிரைக் கிருஷி ஆபீசர் வந்து பார்த்து எழுதும்வரை பிடுங்காதீர்கள்.

அப்புறம், லாரி இன்னும் வருகிறதென்றால் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள். வண்டியைப் பறிமுதல் செய்யவும் அதே 2008 சட்டத்தில் இடமிருக்கிறது.