முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா? மருத்துவர் மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். முன்பு ஒரே ஒரு சிசேரியன், அதுவும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல் என்றால், முயன்று பார்ப்பவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் சுகப்பிரசவமே ஆகிறது.

சென்ற முறை குழந்தையின் தலை திரும்பாததால் அறுவை செய்தார்கள், இப்போது 34 வாரம், தலை கீழே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பழைய காரணம் இப்போது இல்லை. பிறகு ஏன் மருத்துவர் மறுக்கிறார்? பெரும்பாலும் பழைய தழும்பு பிரிந்துவிடுமோ என்ற அச்சம்தான். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அப்படி நேர்கிறது. நேர்ந்தால் உடனே அறுவை அரங்குக்குப் போயாக வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் மறுப்பதே நேர்மை.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, கருப்பையில் எந்தக் கீறல் என்று பாருங்கள். வயிற்றுத் தழும்பை நம்ப வேண்டாம். தோலில் குறுக்காகவும் கருப்பையில் நெடுக்காகவும் கீறியிருக்கலாம். பிறகு மருத்துவரிடம் கேளுங்கள்: "இரவு 2 மணிக்குத் தேவைப்பட்டால் மயக்க மருத்துவர் இருப்பாரா?" பதில் இழுபட்டால் வேறு மருத்துவமனையிலும் கருத்துக் கேட்கலாம்.

கருப்பையில் நெடுக்குக் கீறல் இருந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலோ சிசேரியன்தான்; அதில் பேரம் வேண்டாம். சென்ற பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.