பெட்டியை இறக்குவதற்கு முன்னால்: வண்டி கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சுரங்கத்தில் ஓடிய பழைய டிப்பர் ஒன்றை ஏலத்தில் எடுத்து ஜல்லி அடிக்கிறேன். அலிசன் கம்பெனி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி, கிளட்ச் பெடலே கிடையாது. காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் லோடோடு பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. போன வாரம் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு லாரியில் செயின் போட்டுக் குடியாத்தம் வரைக்கும் இழுத்து வந்தோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, பெட்டி போச்சு, வேறு பெட்டி போடு, இல்லையென்றால் சாதா கியர் பெட்டியாக மாற்றிக்கொள் என்கிறார். எதைச் செய்யலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் இதைச் சொல்லுங்கள் தம்பி. பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத்தான் இழுத்தீர்களா? சாதா கியர் வண்டியை நியூட்ரலில் போட்டு இழுத்துப் பழகிய கை, இதையும் அப்படியே இழுத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஆயிலைச் சுற்ற வைக்கும் பம்ப், இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். இன்ஜின் நின்றிருக்கும்போது வண்டியை இழுத்தால், பின் சக்கரம் டிஃபரன்ஷியலைச் சுற்ற, அது ஷாஃப்டைச் சுற்ற, ஷாஃப்ட் பெட்டியின் பின்பாதியைச் சொட்டு ஆயில் ஓட்டம் இல்லாமல் சுற்றிக்கொண்டே வரும். மலையில் நின்றபோது பாதி நல்லபடியாக இருந்த பெட்டிகூட இப்படி இழுத்து வந்ததில் முழுதாகப் போயிருக்கலாம். இனிமேல் எப்போது இழுப்பதாக இருந்தாலும் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது பின் ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவிவிடுங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற வேலையும் இதில் நடக்காது, காரணம் அதே பம்ப்தான்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். காலையில் நன்றாக ஓடி, சூடு ஏறியதும் நழுவுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் பெரிய துப்பு. உள்ளே கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். ஆயில் சூடாகி இளகும்போது, தேய்ந்த சீல் வழியாக அழுத்தம் கசிந்துவிடும், தட்டு பிடிக்காது, இன்ஜின் மட்டும் கத்தும். ஆனால் ஆயில் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான், ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதேதான், ஆயிலை ஆற வைக்கும் கூலர் அடைத்து ஆயில் அளவுக்கு மீறிக் கொதித்தாலும் இதேதான். இந்த மூன்றுக்கும் பெட்டியை இறக்கவே வேண்டாம். உங்கள் மெக்கானிக் இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் ‘போச்சு’ என்று சொன்னாரா என்று கேளுங்கள்.

ஆயில் பார்க்கும் முறையே இதில் வேறு. சமமான தரையில் நிறுத்தி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க, பெட்டி ஓடிச் சூடான நிலையில்தான் பார்க்க வேண்டும். காலையில் இன்ஜினை அணைத்து வைத்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் தெரிவது பொய்க் கணக்கு. குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதிகமாக இருந்தாலும் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் கிடையாது. ஆகவே ‘கூட ஒரு லிட்டர் ஊற்றி வை, நல்லதுதானே’ என்பது இங்கே நல்லதில்லை.

உங்கள் டிப்பரில் பட்டன் அமுக்கிக் கியர் போடும் செலக்டர் இருந்தால் இன்னும் வசதி. மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்குங்கள். ஆயில் அளவு சென்சார் உள்ள பெட்டியென்றால், நின்று ஓரிரு நிமிடம் கழித்து முதலில் ஆயில் அளவைக் காட்டும். ‘ஓ.கே.’ என்று வந்தால் சரி. ‘லோ 02’ என்று வந்தால் இரண்டு குவார்ட் குறைவு, ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் கம்மி. திரும்பத் திரும்ப அமுக்கினால் கோளாறு எண்கள் வரும். அவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள், யாராவது ஸ்கேனர் போட்டு அழிப்பதற்கு முன்னால். பணம் செலவில்லாமல் கிடைக்கும் இந்தத் தகவலைப் பார்க்காமலேயே பெட்டியை இறக்குகிற ஆட்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள்.

அப்புறம் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தட்டு எரிந்திருக்கிறது. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் கூலர் ஓட்டையாகி ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, அப்போது தட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பூச்சு பிசின் விட்டு உரியத் தொடங்கும். அந்தப் பெட்டியை ஆயில் மட்டும் மாற்றி ஓட்டுவது வீண், பிரித்தே ஆக வேண்டும். பெட்டிக்குள் உலோகத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் மேக்னட்டில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருப்பது எல்லாப் பெட்டியிலும் இருப்பதுதான், பயப்பட வேண்டாம். சில்லு சில்லாக உலோகம் இருந்தால் பயப்படுங்கள்.

அதோடு உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். ஏலத்தில் எடுத்த வண்டி, எத்தனை கை மாறியதோ. அலிசன் பெட்டிக்கு டெஸ் 295 அல்லது அதற்கு அடுத்து வந்த டெஸ் 668 தரத்து சிந்தெடிக் ஆயில் போட வேண்டும். கியர் பெட்டிதானே என்று 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் அது கெட்டியாக நின்று வால்வுகளை நகர விடாது.

இனி சூடு. நீங்கள் ஜல்லி அடிக்கிறீர்கள். கிரஷர் தூசி ரேடியேட்டர் சட்டத்தின் இடுக்கில் எப்படி அப்பிக் காய்ந்து நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆயில் கூலரிலிருந்து வரும் சூட்டையும் கடைசியில் அந்த ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். வேலூர் வெயில், மே மாதம், ஏற்றம், லோடு. டார்க் கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில், கிளட்சுக்குப் பதிலாக, ஆயிலைத் தள்ளி வேலை செய்கிற சாதனம், வேகம் குறைந்து இழுவை அதிகமாகும்போது அது டீசலில் ஒரு பங்கைச் சூடாகவே வீணாக்கும். வேகம் கொஞ்சம் கூடி லாக்-அப் (இன்ஜினையும் பெட்டியையும் நேராக இணைக்கும் பூட்டு) விழுந்தால்தான் அந்தச் சூடு அடங்கும். பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் 121 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது எச்சரிக்கை அளவு; வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஐடிலுக்குச் சற்று மேலே ஓட விட்டால் இறங்கும். அணைத்துவிட்டால் ஆயில் ஓட்டம் நின்று, சூடு உள்ளேயே தங்கும். ரேடியேட்டரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துக் கழுவுங்கள், இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இன்னொன்று, எத்தனை டன் ஏற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிக்குத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நழுவினால், பெட்டியை இறக்குவதற்கு முன் செய்கிற கடைசி சோதனை ஸ்டால் டெஸ்ட். நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, ஏர் பிரஷர் முழுதாக ஏறிய பின், ஃபுட் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டிரைவில் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிப்பது. வண்டி நகராது, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் போய் நிற்கும். அந்த இன்ஜினும் கன்வெர்ட்டரும் சேர்ந்தால் எவ்வளவு வர வேண்டும் என்பது கம்பெனி கணக்கில் இருக்கும். அதைவிட மேலே போனால் உள்ளே தட்டு நழுவுகிறது. மிகவும் கீழே, மூன்றில் ஒரு பங்கு குறைவாக நின்றால் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரின் பிடிப்பு போயிருக்கலாம். கொஞ்சம் மட்டும் குறைந்தால் இன்ஜினுக்கே சக்தி இல்லை, பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சில வினாடிக்கு மேல் மிதித்துப் பிடிக்காதீர்கள், உடனே நியூட்ரலில் போட்டு ஆற விடுங்கள். வண்டிக்கு முன்னால் பின்னால் ஒரு ஆள் நிற்கக் கூடாது, பட்டறைப் பையன் வேடிக்கை பார்க்க வந்தால் துரத்துங்கள். புதிதாகச் செய்கிறவர் தனியாகச் செய்ய வேண்டாம், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

உண்மையிலேயே பெட்டி போயிருந்தால், என் வாக்கு ஓவர்ஹால் செய்த அதே வகைப் பெட்டிக்குத்தான். அலிசனுக்கு ஓரகடத்திலேயே தொழிற்சாலை இருக்கிறது, பாகம் தூரதேசத்திலிருந்து வர வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். உங்கள் பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்த் தகட்டில் உள்ள மாடலையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

சாதா பெட்டியாக மாற்றுவது கேட்க மலிவாக இருக்கும். பிளைவீல், கிளட்ச், பிரஷர் பிளேட், கிளட்ச் பெடல், அதன் சிலிண்டர், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், நீளம் மாறிய ஷாஃப்ட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும், கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த பெட்டியைத் தேடிக்கொண்டு விளக்கை எரிய விடும். வண்டியில் செய்கிற மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போய் நின்று வாதாடுவதைவிட, முதலிலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு எழுத்தில் வாங்குவது மேல்.

பெட்டி மாற்றும் அன்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், இரண்டு இடத்தில் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். ஒன்று, கன்வெர்ட்டர். அதைப் பெட்டியின் பம்ப்பில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும், கடைசிப் படி இறங்கும் வரை விடக் கூடாது. இறங்காமலே பெட்டியை இன்ஜினோடு சேர்த்தால் ஒரு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுவார்கள் பாருங்கள், அங்கேதான் புதுப் பெட்டியின் பம்ப் உடையும். கையால் தள்ளியே இரண்டு முகமும் ஒட்ட வேண்டும். பெட்டி கால் டன்னுக்குப் பக்கம் எடை, அதனால் சாதாரண ஜாக்கி மேல் கட்டை வைத்து ஆட்டி ஆட்டிச் சேர்க்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இரண்டு, கூலரும் அதற்குப் போகும் ஹோஸும். பழைய பெட்டி உதிர்த்த தூளெல்லாம் அங்கேதான் போய்த் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல், முடிந்தால் மாற்றாமல், புதுப் பெட்டியைப் பூட்டினால் முதல் நாளே அந்தத் தூள் புதுப் பெட்டிக்குள் போகும். ஓவர்ஹால் பெட்டி சீக்கிரமே திரும்பி வந்தது என்று புலம்புகிற ஆட்களிடம் கூலரைக் கழுவினீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் மருமகன் 2003 செவர்லே சில்வராடோ பிக்கப் வைத்திருக்கிறார், அங்கே அதையும் டிரக் என்கிறார்கள். 4எல்60ஈ என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி. ஒரு நாள் திடீரென்று ரிவர்ஸ் போகவில்லை. முன்னால் போகிறது, ஆனால் முதல் கியருக்குப் பிறகு இழுக்க மாட்டேன் என்கிறது, தூக்கித் தூக்கி விடுகிறது. வாட்ஸாப்பில் கேட்டார், எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஐயா, மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: முதல் கியரும் மூன்றாவதும் இருக்கிறது, இரண்டாவதும் நான்காவதும் ரிவர்ஸும் மூன்றும் சேர்ந்து போய்விட்டனவா? அப்படியென்றால் அந்தப் பெட்டியில் பலருக்கும் வருகிற கோளாறுதான், உள்ளே சன் ஷெல் என்ற உலோகக் கிண்ணம் உடைந்திருக்கும். அந்த மூன்று கியருக்கும் அது பொதுவான பாகம். பாகத்தின் விலை பெரிதில்லை, ஆனால் அதை எட்டிப் பிடிக்கப் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், செலவெல்லாம் கூலியில்தான். பிரித்த பிறகு எரிந்த தட்டும் சீலும் பழசாகவே திரும்பப் போகக் கூடாது, உடையாத வகையில் கெட்டியாகச் செய்த ஷெல் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். மாறாக, மூன்றும் நான்கும் மட்டும் நழுவினால் அது 3-4 கிளட்ச் எரிந்த கதை. குடியாத்தம்காரருக்குச் சொன்ன கூலர் விஷயம் டெக்சாஸுக்கும் பொருந்தும்.

கேள்வி: பழைய லேலண்ட், சாதா கியர். நாலாவது கியர் இறக்கத்தில் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன்.
– வாசகர், ஆற்காடு

பதில்: பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் இன்னும் வேகமாகத் தேயும். முதலில் பெட்டி மவுன்டிங் ரப்பரையும் இன்ஜின் மவுன்டிங்கையும் பாருங்கள், ரப்பர் செத்திருந்தால் பெட்டி ஆடி, லீவரே கியரை வெளியே இழுக்கும். பிறகு மேல் மூடியைத் திறந்து, கியரை இடத்தில் பிடித்து வைக்கும் செலக்டர் ராடின் குண்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சின்னச் செலவோடு முடிந்துவிடும். இரண்டுமே சரியென்றால் பல்லின் ஓரம் மழுங்கியிருக்கும், அப்போது பெட்டி இறங்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி, ரொம்ப நாளாக ஆயில் மாற்றவே இல்லை. இப்போது மாற்றினால்தான் கெட்டுப்போகும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நன்றாக ஓடுகிற பெட்டி புது ஆயிலால் கெடாது. ஏற்கெனவே நழுவத் தொடங்கிய பெட்டியை வைத்துக்கொண்டு, புது ஆயில் காப்பாற்றும் என்று மாற்றுவார்கள், அது காப்பாற்றாது, பழி ஆயில் மேல் விழும். உங்களுடையது நழுவவில்லை, ஆயிலில் தீய்ந்த வாடையும் இல்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். மிஷின் வைத்து அழுத்தத்தில் பிளஷ் செய்ய வேண்டாம், சம்ப்பை இறக்கி வடித்து, ஃபில்டரை மாற்றி, வெளியே வந்த அளவுக்குச் சரியான தரத்து ஆயிலை ஊற்றினால் போதும். கன்வெர்ட்டரில் பழைய ஆயில் மிச்சம் நிற்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றுங்கள்.