என்.எல்.ஆர். 9 என்றால் ஆபத்தா?

கேள்வி: மூளையில் ஏ.வி.எம். என்ற ரத்தக்குழாய்ப் பின்னல் வெடித்து, என் தம்பி ஐ.சி.யூ.வில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் என்.எல்.ஆர். 9 என்று வந்திருக்கிறது. தேறிவிடுவானா?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து மனம் உடைய வேண்டாம். ரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரு வகைகள் உண்டு; நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்.எல்.ஆர். 9,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 9. நலமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். மூளைக்குள் ரத்தம் கசிந்ததும் அழற்சி தொடங்குவதால் இது ஏறும். மிகவும் ஏறியவர்கள் தேறுவது கடினம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும்கூட இதே எண்ணை ஏற்றிவிடும். ரத்தம் எடுத்தது ஸ்டீராய்டு போடுவதற்கு முன்பா, பின்பா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நாள் எடுத்த அளவைவிட, அடுத்தடுத்த நாள்களில் இறங்குகிறதா என்பதே பயனுள்ள தகவல்.

தேறுவதை அதிகம் தீர்மானிப்பவை வேறு: நினைவுநிலை, கசிந்த ரத்தத்தின் அளவு, அது மூளையின் நீர் அறைகளுக்குள் இறங்கியதா என்பது.

தினமும் ரத்தத்தில் சோடியத்தின் அளவைப் பாருங்கள். 135-க்குக் கீழே இறங்கினால் மூளை வீக்கமும் வலிப்பும் கூடலாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து கொடுத்தால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைய வாய்ப்புண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் பிளேட்லெட்டையும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள்.