பழைய ரெக்டரி விற்பனைக்கு: வாங்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஹியர்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு பழைய ரெக்டரி விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஊர்ப் பாதிரியார் குடும்பத்தோடு குடியிருந்த வீடு. ஜார்ஜியன் பாணி, செங்கல் சுவர், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சாஷ் ஜன்னல், வளர்ந்து முற்றிய மரங்களோடு 3 ஏக்கர் தோட்டம், கேட்கும் விலை 12 லட்சம் பவுண்ட். விளம்பரத்தைப் பார்த்து இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். பழைய கட்டடங்களை சர்வே செய்வது என் தொழில். இந்த வீட்டை நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அதனால் கீழே இருப்பதெல்லாம் இந்த ரக வீடுகளுக்குப் பொதுவானவை.

லெஸ்டர்: அண்ணா, 'கிரேடு 2 லிஸ்டட்' என்று போட்டிருக்கிறார்கள். அது பெருமையா, தலைவலியா?

இரண்டும்தான். இங்கிலாந்தில் லிஸ்ட் ஆன, அதாவது பாதுகாக்க வேண்டியவை என்று அரசுப் பட்டியலில் ஏறிய, கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கிரேடு 2. எல்லாவற்றுக்கும் மேலான கிரேடு 1 வெறும் இரண்டரை சதவீதம். ஆக, அரண்மனை வாங்குகிறோம் என்ற நினைப்பு வேண்டாம். ஆனால் கிரேடு எதுவானாலும் வீடு உள்ளும் புறமும் முழுக்கப் பாதுகாப்பில் வரும். "முகப்பு மட்டும்தான் சார்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். படிக்கட்டுக் கைப்பிடி, உள்கதவு, பழைய பூச்சு எல்லாமே சேர்த்தி. அனுமதி இல்லாமல் கை வைத்தால் கிரிமினல் குற்றம், இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று. முந்தைய ஓனர் அனுமதியில்லாமல் ஒரு சுவரை இடித்திருந்தால், அதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் "பழையபடி கட்டிக் கொடு" என்று உள்ளூர் கவுன்சில் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். இதற்குக் காலக்கெடுவே கிடையாது. சமையலறை பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

பர்மிங்ஹாம்: தோட்டத்தில் ஈய ஜாடிகளும் ஒரு சூரியக் கடிகாரமும் இருக்கின்றன. வீட்டோடு வருமா? பிற்பாடு விற்றுக்கொள்ளலாமா?

வருமா என்பதற்கு, எதை விட்டுப் போகிறார், எதை எடுத்துப் போகிறார் என்று விற்பவர் நிரப்பித் தரும் படிவம் இருக்கிறது. அதில் ஜாடி ஜாடியாகப் பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

விற்கலாமா என்பதில்தான் கவனம் வேண்டும். வார்விக்ஷயரில் இட்லிகோட் ஹவுஸ் என்று ஒரு வீடு (இட்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அங்கே 18-ஆம் நூற்றாண்டு ஈய ஜாடிகள் இரண்டு, சுண்ணாம்புக்கல் பீடங்களின் மேல் இருந்தன. 1986-இல் அவை தனியாகவே லிஸ்ட் ஆகியிருந்தன. அது தெரியாமல் ஓனர் 2009-இல் ஏலத்தில் 55,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார். சில வருடம் கழித்து விஷயம் கவுன்சில் காதுக்கு எட்டி, திரும்பக் கொண்டுவந்து வை என்று நோட்டீஸ் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜாடி ஒரு 'கட்டடம்' ஆகுமா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, 2020-இல் மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். சட்டப்படி ஓனருக்கு வெற்றிதான். ஆனால் வக்கீல் செலவை நினைத்துப் பாருங்கள்!

தனியாக லிஸ்டில் பெயர் இல்லாவிட்டாலும், 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளாகத்தில் நிற்கும் மதில், லாயம், தோட்டச் சுவர் போன்றவையும் வீட்டோடு சேர்ந்து பாதுகாப்பில் வரும்.

மில்டன் கீன்ஸ்: கீழ்த்தளச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம். சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறது ஒரு கம்பெனி. செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்வி வராத வாரமே எனக்கில்லை.

இந்த வீடுகளின் சுவரில் இடைவெளி கிடையாது, முழுச் செங்கல். இணைப்பு சுண்ணாம்புக் கலவை, உள்பூச்சும் சுண்ணாம்பு. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடும். செட்டிநாட்டுச் சுவரும் இதே சுண்ணாம்புக் குணம்தான். கெடுத்தது இருபதாம் நூற்றாண்டு: மேலே சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டார்கள். வெளிச்சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கலின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்வாங்கியிருக்கும், சிமென்ட் இணைப்பு மட்டும் சட்டம் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பாதிக் கதை தெரிந்தமாதிரி.

அப்புறம் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழை பெய்யும் நாளில் குடையோடு போங்கள், ஏஜென்ட் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஜார்ஜியன் வீடுகளில் முகப்புக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஈயத்தகடு பதித்த கால்வாய் ஒன்று ஓடும். கூரைத் தண்ணீர் அதில்தான் விழும். இலை விழுந்து அடைத்தாலோ தகடு விரிசல் விட்டாலோ, நீர் நேரே சுவருக்குள்ளும் உத்திரங்களின் நுனிக்கும் இறங்கும். உலர் உளுப்பு என்கிற பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கீழ்த்தளத்திலோ, பூப்பாத்திக்காக வருடா வருடம் மண் கொட்டி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். இடுப்பளவு ஈரத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கால்வாயைச் சுத்தம் செய்து, மண்ணை உள்தரைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, சிமென்ட்டைப் பக்குவமாக எடுத்து, சுண்ணாம்பு பூசி, ஒரு வருடம் காத்திருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரசாயனத்தைப் பற்றிப் பேசலாம். எனக்கு அந்தப் பேச்சு அநேகமாகத் தேவைப்பட்டதில்லை.

ரெடிங்: ஸ்டாம்ப் டியூட்டி எவ்வளவு வரும்?

12 லட்சம் பவுண்டுக்கு, இது உங்கள் ஒரே வீடு என்றால், 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விகிதப்படி 63,750. இருக்கிற வீட்டை விற்காமல் இதையும் வாங்கினால் மொத்த விலையில் இன்னொரு 5 சதவீதம் சேரும், ஆக 1,23,750. பிரிட்டனில் வசிக்காதவர் என்றால் மேற்கொண்டு 2 சதவீதம். பின்னால் குதிரை மேய ஒரு துண்டு நிலம் இருக்கிறது, 'கலப்புப் பயன்பாடு' (வீடும் வேறு உபயோகமும் சேர்ந்தது) என்று காட்டி வரியைக் குறைக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. வரித்துறை இதை விடாமல் எதிர்க்கிறது, தீர்ப்பாயங்களிலும் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கிறது.

கோவென்ட்ரி: தம்பி, நானும் அவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஊரில் தோட்டம் வைத்துப் பழக்கம். 3 ஏக்கரை நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா?

அக்கா, வேலைக்கு ஆள் இல்லாமல் முடியாது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பாதிரியார்களே தோட்டக்காரர் வைத்து நடத்திய தோட்டம் இது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாராவாரம் புல் வெட்ட வேண்டும். விஸ்டேரியாக் கொடிக்கு வருடம் இரண்டு தடவை கத்தரி, ஜூலை-ஆகஸ்டில் ஒன்று, ஜனவரி-பிப்ரவரியில் ஒன்று. யூ மர வேலியைக் கோடை முடிவில் ஒரு தடவை வெட்டினால் போதும். அது தாறுமாறாக வளர்ந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒரு வருடம் ஒரு பக்கத்தைக் கட்டை வரை வெட்டி, தளிர்த்த பிறகு மறுபக்கம் வெட்டினால் திரும்ப வந்துவிடும். லேலண்டி என்கிற ஊசியிலை மர வேலிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, பழைய கட்டை வரை வெட்டினால் அப்படியே மொட்டைதான்.

விளம்பரப் படத்தில் விஸ்டேரியா பூத்துக் குலுங்குகிறது. அப்படியானால் அது மே மாதத்தில் எடுத்த படம். நீங்கள் ஜனவரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

'முற்றிய தோட்டம்' என்றால் முற்றிய மரம் என்றும் அர்த்தம். ஆஷ் மரம் இருந்தால் உச்சியைப் பாருங்கள். 2012-இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அந்த இனத்தையே காலி செய்துகொண்டிருக்கிறது. நோய்ப்பட்ட மரத்தில் ஏறி வெட்டுவது ஆபத்து, கூலியும் ஏறும். பெரிய பீச் மரம் நின்றால் இலையுதிர்காலத்தில் அடியைச் சுற்றி நடந்து பாருங்கள். வேர் கிளம்பும் இடத்தில் தட்டுத் தட்டாகப் பெரிய காளான் அடுக்கு தெரிந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். இலை பச்சையாக இருக்கும்போதே சாயக்கூடிய மரம் அது, வீட்டுப் பக்கம் சாய்ந்தால் கூரை தாங்காது. கட்டட சர்வே போதாது, மர நிபுணரையும் கூட்டிப் போங்கள். மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. ஆணை இல்லாவிட்டாலும், பாதுகாப்புப் பகுதிக்குள் (கன்சர்வேஷன் ஏரியா) இருந்தால் கவுன்சிலுக்கு 6 வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

ஹரோ: அண்ணை, லாயத்துக் கூரையில வௌவால் இருக்காம். கலைச்சு விடலாமோ?

கூடாது தம்பி. எல்லா வௌவால் இனத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது இல்லாத நேரத்தில் வெறும் கூட்டைக் கெடுத்தாலும் குற்றம்தான். கூரை வேலை செய்யவேண்டுமென்றால் கோடையில் சர்வே எடுத்து, தேவைப்பட்டால் லைசென்ஸ் வாங்கித்தான் தொடங்கலாம். ஒரு வருட வேலை இரண்டு வருடம் இழுக்கும். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறையுங்கள்.

சுவிண்டன்: பொதுச் சாக்கடை இல்லையாம், செப்டிக் டேங்க் மட்டும்தானாம்.

கிராமத்தில் சகஜம். ஒன்றை மட்டும் கேளுங்கள்: கழிவுநீர் எங்கே போகிறது? ஓடையிலோ வாய்க்காலிலோ நேரே விழுந்தால் 2020 ஜனவரி 1 முதல் அது சட்டவிரோதம். மாற்றுகிற செலவு யார் தலையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் முடிவு செய்துவிடுங்கள்.

நார்த்தாம்ப்டன்: ரெக்டரி என்பதால் சர்ச் ரிப்பேருக்கு நாம் பணம் கட்ட வேண்டி வருமா?

வீட்டின் பெயரால் வராது, சில நிலங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பழைய பொறுப்பு அது. ஆஸ்டன் காண்ட்லோ என்ற ஊரில் ஒரு தம்பதிக்கு அப்படி வந்து, 2003-இல் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள். 2013 அக்டோபர் 13-க்குப் பிறகு ஒரு தடவையாவது விலைக்குக் கைமாறி, நிலப் பதிவேட்டிலும் குறிப்பு இல்லை என்றால் கவலையில்லை. ஐம்பது வருடமாக ஒரே குடும்பத்தில் இருந்த வீடு என்றால் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். இதற்கென்றே மலிவாக இன்சூரன்ஸ் கிடைக்கிறது.

லெஸ்டர், மறுபடியும்: ஆஃபர் போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். இனி வீடு நம்முடையதுதானே அண்ணா?

இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இரு தரப்பும் பரிமாறும் வரை விற்பவர் வேறொருவரிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகலாம், நீங்களும் விலகலாம். அந்த இடைவெளி உங்களுக்கும் உதவும். முழு அளவு சர்வே, அதாவது லெவல் 3, மர சர்வே, கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது எல்லாம் அதற்குள் முடியட்டும். பரிமாறும் அன்றைக்கே இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள், தொகையை, வீட்டை மறுபடி எழுப்ப ஆகும் செலவுக்கு எடுங்கள். லிஸ்ட் ஆன வீட்டைப் பழைய பொருளிலேயே கட்டித்தரச் சொல்வார்கள், அது வாங்கிய விலையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.