நாள் பார்த்து வரும் காய்ச்சல்: கேள்வி பதில்

குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, குழந்தைகள் நல மருத்துவராக என் பதில்கள். எத்தனை மில்லிகிராம் தரலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், குழந்தையைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன்.

டாக்டர், பையனுக்கு மூன்று வயது. நாலு வாரத்துக்கு ஒருமுறை 103 டிகிரி காய்ச்சல், தொண்டைச் சிவப்பு, வாய்ப்புண். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். எந்தக் கிருமி இப்படி வரும்?

அநேகமாகக் கிருமியே இல்லை அம்மா. நீங்கள் சொல்வது பிஎஃப்ஏபிஏ (நாள் பார்த்து வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறிக்கட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போல இருக்கிறது. 1987-இல் அமெரிக்க மருத்துவர்கள் முதலில் விவரித்த நோய் இது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தொடங்கும். 3 முதல் 6 நாள் அடிக்கும், 3 முதல் 6 வாரத்தில் திரும்பும், நடுவில் பிள்ளை ஓடியாடும், எடையும் கூடும். ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது. ஆனால் நம் ஊரில் மலேரியா, சிறுநீர்த் தொற்று, காசநோய் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். வெள்ளையணுக்கள் சுழற்சியாகக் குறையும் நோய் ஒன்றும் உண்டு, அதையும் விலக்க வேண்டும். காய்ச்சல் வரும் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பிஎஃப்ஏபிஏ என்றால் பெரும்பாலும் வேண்டாம். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது உண்டு, ஆனால் இதுதான் காரணம் என்று காட்ட ஒற்றை மரபணு கிடையாது. காய்ச்சல் கால ஒழுங்கில்லாமல் வருகிறது, தோலில் தடிப்பு, கடும் வயிற்றுவலி, காது மந்தம், பிறந்த சில மாதங்களிலேயே ஆரம்பம், காய்ச்சல் இல்லாதபோதும் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது எம்இஎஃப்வி, எம்விகே, டிஎன்எஃப்ஆர்எஸ்எஃப்1ஏ, என்எல்ஆர்பி3 ஆகிய மரபணுக்களைப் பார்ப்போம்.

பெர்லினில் இருக்கிறோம், மனைவி துருக்கியர். மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்து போகிறது. எம்இஎஃப்வியில் ஒரே ஒரு பிறழ்வு, அதுவும் அம்மா வழி. இது நோயா?

எஃப்எம்எஃப், அதாவது மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியர் நடுவில் அதிகம். அந்த மரபணு 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது செய்யும் பைரின் என்ற புரதம் கிருமி வந்தால் எச்சரிக்கும் காவல்காரன். பிறழ்வு இருந்தால் ஆள் இல்லாமலே கூச்சல் போடும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 கொட்டும், காய்ச்சல் ஏறும். (பழங்காலப் பிளேக்கிலிருந்து இந்தப் பிறழ்வு காப்பாற்றியிருக்கலாம் என்று 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான் அங்கே இவ்வளவு பரவியிருக்கிறது போலும்.)

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் என்பது பாட விதி. நடைமுறையில் ஒரே பிறழ்வோடும் சிலருக்கு வருகிறது. எனவே தாளை வைத்து இல்லை, பிள்ளையை வைத்துத்தான் முடிவு. அறிகுறிகள் பொருந்தினால் சில மாதம் கால்சிசின் என்ற மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் எம்694வி என்ற பிறழ்வு வந்தவர்களுக்குத்தான் நோய் கடுமை.

கால்சிசினைக் காய்ச்சல் வரும்போது மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. தொடங்கிவிட்ட காய்ச்சலை அது நிறுத்தாது. தினமும் போட்டால்தான் அடுத்தது வராமல் தடுக்கும். எஃப்எம்எஃபுக்கு இது உதவும் என்று 1972-இல் தெரிவதற்கு முன், பலருக்கு அமிலாய்டு என்ற புரதம் படிந்து சிறுநீரகம் கெட்டது. அந்த ஆபத்துக்காகத்தான் பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் மாத்திரை. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு வரலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவரிடம் கால்சிசின் போடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், சேர்ந்தால் நஞ்சாகும். இதற்கும் அடங்காதவர்களுக்கு இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா, கனகினுமாப் ஊசிகள் உண்டு, விலைதான் தலைசுற்றும்.

பிஎஃப்ஏபிஏவுக்கும் இதே மாத்திரையா?

அடிக்கடி வருகிறவர்களுக்குத் தந்து பார்க்கிறோம், சிலருக்கு இடைவெளி நீள்கிறது. காய்ச்சல் தொடங்கியதும் ஒரே ஒரு வேளை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தந்தால் சில மணி நேரத்தில் அடங்கும், ஆனால் அடுத்த காய்ச்சல் சீக்கிரம் வந்துவிடலாம். டான்சில் எடுத்தால் பலருக்கு நின்றுவிடுகிறது. குடும்பம் சமாளிக்கிறது என்றால் நான் எதுவும் செய்யாமல் இருக்கத்தான் சொல்வேன். அமிலாய்டு பயம் இங்கே இல்லை, வளர வளர பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். அதன் விதையில்தான் கால்சிசின் எடுக்கிறார்களாம். கிழங்கை அரைத்துக் கொஞ்சமாகத் தரலாமா?

ஐயா, கூடவே கூடாது. விதையில் இருப்பது அதே மருந்துதான், ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது. முறிவு மருந்தும் கையில் இல்லை. விதையோ கிழங்கோ மாத்திரையோ, குழந்தை தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.