பெலாருஸ் கொடியின் கரை: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் நாடுகளின் கொடிகளை ஒரு நோட்டில் வரைந்து சேர்க்கிறாள். பெலாருஸ் கொடியை வரையும்போது, “இதுல மட்டும் ஏம்ப்பா சேலைக் கரை மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. 2020-இல் மின்ஸ்க் நகரில் போராடியவர்கள் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று வேறொரு கொடியைப் பிடித்திருந்தார்கள். எது பழையது? இப்போது இருப்பது சோவியத் கொடிதானா?

ர., தென்காசி

அன்புள்ள ர.,

உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அது கரையேதான். பெலாருஸ் வீடுகளில் ‘ருஷ்னிக்’ என்றொரு நீளமான துண்டு உண்டு. கல்யாணத்துக்கு அது வேண்டும், சாமி படத்துக்குச் சார்த்த வேண்டும், விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் வைத்து நீட்டவும் வேண்டும். வெள்ளைத் துணி, சிவப்பு நூல். கொடியை உற்றுப் பாருங்கள். சாய்சதுரங்களின் ஓரம் படிபடியாக இறங்கும். இழையை எண்ணி எண்ணிப் பூ எடுத்தால் அப்படித்தான் வரும்.

அந்தப் பூவைப் போட்டவர் மத்ரோனா மார்க்கேவிச், பெலாருஸில் சென்னோ என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஆண்டு 1917. ‘உதிக்கும் சூரியன்’ என்பது அந்த வடிவத்தின் பெயர்.

அது கொடிக்கு வந்த கதையைச் சொல்கிறேன். சோவியத் குடியரசுகளின் கொடிகள் முன்பெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி, சிவப்புத் துணியில் அந்தந்தக் குடியரசின் பெயரெழுத்துகள் கொண்டவை. 1945-இல் பெலாருஸும் உக்ரைனும் ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர்களாகச் சேர்ந்தன. தனித்து அடையாளம் தெரிகிற கொடி தேவைப்பட்டது. 1951 டிசம்பர் 25 அன்று பெலாருஸுக்குப் புதுக்கொடி வந்தது: மேலே சிவப்பு, கீழே பச்சை, அரிவாள் சுத்தியல், நட்சத்திரம், கம்பத்தை ஒட்டி மத்ரோனாவின் கரை. கொடியை உருவாக்கிய குழுவில் வெறும் அதிகாரிகள்தான் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் மத்ரோனாவின் உடன்பிறந்த சகோதரர் மிகயீல் கட்சாரே இருந்தார்; நாட்டுப்புறக் கலை ஆய்வாளர்.

இந்தக் கதையில் என்னால் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. மத்ரோனாவின் கணவரை 1937-இல் ‘சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம்’ என்று கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். குடும்பத்தின் சொத்தையும் பறித்தார்கள். அந்தத் துண்டும் இன்று இல்லை. அப்போதே பறிபோயிருக்கலாம், போரில் அழிந்திருக்கலாம். புருஷனைக் கொன்ற அரசு, பதினாலு வருஷம் கழித்து மத்ரோனாவின் கைவேலையைத் தன் கொடியில் ஏற்றிக்கொண்டது.

அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளை சிவப்பு வெள்ளைதான் பழையது; 1918-இல் பெலாருஸ் மக்கள் குடியரசின் கொடி. 1991 செப்டம்பரில் அதுவே மறுபடி அரசுக் கொடியானது. 1995 மே மாதம் அதிபர் லுகஷென்கோ நடத்திய வாக்கெடுப்புக்குப் பின் சோவியத் கொடி சில மாற்றங்களோடு திரும்பியது. அரிவாள் சுத்தியலும் நட்சத்திரமும் போயின. கரையில் நிறம் மாறியது: 1951 கொடியில் சிவப்பின் மேல் வெள்ளைப் பூ, இப்போது வெள்ளையின் மேல் சிவப்பு. துண்டில் இருப்பது போலவே.

2020-இல் தெருவில் அடிபட்டவர்களுக்கு இப்போதைய கொடி லுகஷென்கோவின் கொடி. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கரை அவருடையது அல்ல, சோவியத் தலைவர் ஸ்டாலினுடையதும் அல்ல. 2015-இல்தான் சென்னோவில் மத்ரோனாவுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். மகள் இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையட்டும். கரைக்குக் கீழே மத்ரோனாவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.